சிப்பாயின் சட்டைப் பொத்தான்



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், வீட்டிலுள்ள பழம்பொருள் ஏதேனும் ஒன்றை வரலாற்று வகுப்பிற்குக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் கூறுவதுண்டு. பெரும்பாலோர் பழைய காசுகளைக் கொண்டுவருவர். சிலர் ஓலைச்சுவடிகளைக் கொண்டுவருவர். ஒருவன் மட்டும் ஒருநாள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த பித்தளைப் பொத்தான் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தான். அஃது அவனுடைய பாட்டியின் தந்தையார் அணிந்திருந்த பட்டாளத்துச் சட்டையில் இருந்ததாம். முதல் உலகப்போரின்போது விடுமுறையில் ஊருக்கு வந்த அவர், பழைய சட்டையொன்றை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ராவிற்குக் கப்பலேறினார், பின்னர்த் திரும்பவேயில்லை. சட்டையைக் கரையான் தின்றது. பொத்தான் ஒன்றே எஞ்சியது.

"ஐயா, இதில் சிங்கம் இருக்கிறது; கொம்பு முளைத்த குதிரை இருக்கிறது; கிரீடம் இருக்கிறது. எங்கள் பாட்டனார் பெயர் எங்கே இருக்கிறது?" என்று அவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவனுக்கு நான் கூறிய விடை அரைகுறையானது. எஞ்சிய விடையை இன்று உங்களுக்குக் கூற முயல்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'பொத்தான்' என்பது போர்த்துகீசிய மொழியிலிருந்து நம் மொழிக்கு வந்த சொல். நம் முன்னோர் ஆடையைச் சுற்றினர், முடிந்தனர், நாடாவால் கட்டினர். துளையில் நுழைத்துப் பூட்டும் பொத்தான் அவர்களுடைய அன்றாட உடையில் பெரிதும் இடம்பெறவில்லை. 'சிப்பாய்' என்னும் சொல் பாரசீகத்தினின்றும் வந்தது. ஆகவே 'சிப்பாயின் பொத்தான்' என்று நாம் கூறும்போது, அத்தொடரிலேயே இரண்டு அயல்நாட்டு வரவுகள் கலந்துள்ளன.

போர்க்களத்தில் புதைந்தவனுடைய துணி சில ஆண்டுகளில் மட்கிவிடும். தோல் சுருங்கிப் பொடியாகும். இரும்பு துருவேறிக் கரையும். பித்தளையும் வெள்ளீயக் கலவையும் நெடுங்காலம் நிற்கும். 2001ஆம் ஆண்டில் லிதுவேனிய நாட்டின் தலைநகராகிய வில்னியசில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவர்கள் யார்? 1812இல் ருசியாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனுடைய படையினர் என்று துணிவதற்குப் பெருந்துணை செய்தவை, எலும்புகளோடு கிடந்த பொத்தான்களே. அவற்றில் படைப்பிரிவுகளின் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பெயர் தெரியாத பிணத்தின் படைப்பிரிவைப் பொத்தான் கூறிவிட்டது.

ஆங்கிலேயப் படையில் இவ்வாறு எண்ணைப் பொறிக்கும் வழக்கம் 1767ஆம் ஆண்டின் அரச ஆணையால் ஏற்பட்டது. முற்காலத்தில் ஒரு படைப்பிரிவை அதன் தலைவர் பெயரால் அழைத்து வந்தனர். எண்ணிட்ட பொத்தான் வந்தபிறகு, ஒருவன் எந்த அணியைச் சேர்ந்தவன் என்பது அவன் மார்பைப் பார்த்த அளவிலேயே விளங்கிற்று. தரவேறுபாடும் அங்கேயே விளங்கிற்று. சாதாரண வீரனுக்கு மங்கிய வெள்ளீயக் கலவைப் பொத்தான். அதிகாரிக்குப் பொன் முலாமோ வெள்ளி முலாமோ இட்ட பொத்தான். 1855இல்தான் ஆங்கிலக் காலாட்படையின் சாதாரண வீரர்களுக்குப் பித்தளைப் பொத்தான் கிடைத்தது. 1871இல் அவர்களுடைய பொத்தான்களிலிருந்து எண்ணும் நீக்கப்பட்டு, எல்லார்க்கும் பொதுவான அரச முத்திரை இடப்பட்டது. அதிகாரிகள்மட்டும் தத்தம் படைப்பிரிவின் பொத்தானை வைத்துக்கொண்டனர். ஆடையைப் பூட்டுவதற்குரிய ஒரு சிறு உலோக வட்டிலில் எத்துணை ஏற்றத்தாழ்வுகள் பாருங்கள்!

பொத்தானின் முகத்தைப் பார்ப்பவர் பலர். முதுகைப் புரட்டிப் பார்ப்பவர் சிலர். முதுகுப் புறத்தில் தைப்பதற்குரிய கம்பி வளையத்தைச் சுற்றிப் பொடி எழுத்துகளில் ஒரு பெயரும் ஓர் ஊரும் காணப்படும். ஃபிர்மின், ஜென்னன்ஸ், ஹாம்மண்ட் டர்னர் என்னும் நிறுவனப் பெயர்கள் அடிக்கடி தென்படும். ஊர் பெரும்பாலும் இலண்டனாகவோ பர்மிங்காமாகவோ இருக்கும். நிறுவனங்கள் காலந்தோறும் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டமையால், அவ்வெழுத்துகளைக் கொண்டே பொத்தானின் காலத்தை ஏறத்தாழ வரையறுக்கலாம். தொடக்கத்தில் பொத்தான் ஒரே தகடாகத் தட்டையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், அச்சில் அழுத்திக் குவித்த மேல்தகட்டை அடித்தகட்டின் விளிம்பில் மடித்துப் பொருத்தும் முறை பரவிற்று. விரலால் தடவினாலே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

பொன் முலாம் பூசிய முறையையும் கூறவேண்டும். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பசைபோலாக்கிப் பித்தளைமேல் பூசுவர். பிறகு சூளையிலிட்டுச் சூடேற்றுவர். பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் படிந்து நிற்கும். போன ஆவி எங்கே போயிற்று? பக்கத்தில் நின்ற தொழிலாளியின் மூச்சில் கலந்தது. கை நடுக்கமும் பல் உதிர்தலும் நரம்புத் தளர்ச்சியும் அத்தொழிலாளர்க்கு வந்த கேடுகள். 1840இல் பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்னாற்றலால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இக்கொடுமை படிப்படியாகக் குறைந்தது. சென்னையிலோ கல்கத்தாவிலோ அணிவகுப்பில் பளபளத்த அதிகாரியின் பொத்தானுக்குப் பின்னால், பர்மிங்காமில் இருமிக்கொண்டிருந்த ஓர் ஏழைத் தொழிலாளியும் இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் வாணிகத்தைக் காக்கவென்று படை திரட்டிற்று. கம்பெனியின் சின்னம், முன்கால்களில் கிரீடத்தை ஏந்தி நிற்கும் ஒரு சிங்கம். கம்பெனிப் பணியாளர் பலருடைய பொத்தான்களில் அச்சிங்கத்தைக் காணலாம். வணிகர் கூட்டமொன்று தன் முத்திரையைப் படைவீரனின் மார்பில் பதித்தது உலக வரலாற்றில் அரிய செய்தியே.

படைவீரனின் உடலில் எதை அணிவிப்பது என்பது சிறிய செய்தியன்று. 1805ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த சர் ஜான் கிரடாக் சிப்பாய்களின் உடையை ஒழுங்குபடுத்த முனைந்தார். தொப்பியைப் போன்ற புதிய தலைப்பாகை. அதில் தோலாலான ஒரு சின்னம். அணிவகுப்பில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது. துப்பாக்கியைக் கழற்றுவதற்குரிய சிறு திருகுக் கருவியை மார்பில் தொங்கவிடச் செய்தனர். அது சிலுவை வடிவில் இருந்தமையால், தம்மைக் கிறித்துவராக்கும் சூழ்ச்சியோ என்று சிப்பாய்கள் அஞ்சினர். மறுத்தவர்க்குக் கசையடி கிடைத்தது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்கள் முதலிய பிற காரணங்களும் உண்டு. அவற்றை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். உடை பற்றிய ஆணை கைவிடப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் இங்கிலாந்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டனர்.

பாடநூல் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். நாம் இன்னும் சிறிது தூரம் செல்வோம். கிளர்ச்சியில் ஈடுபட்டவை முதலாம் எண்ணும் 23ஆம் எண்ணும் உடைய சென்னைக் காலாட்படைப் பிரிவுகளைச் சேர்ந்தவை. கம்பெனி அரசு ஆட்களைத் தண்டித்ததோடு அமையாமல், அந்த எண்களையும் படைப்பட்டியலினின்று அடித்துவிட்டது. எஞ்சியோரைக் கொண்டு அமைத்த பிரிவுகளுக்கு 24, 25 என்னும் எண்கள் கொடுக்கப்பட்டன. ஒரு படைப்பிரிவு எண்ணாலேயே அறியப்பட்ட காலம் அது. முதலிடத்தில் நின்றவர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டனர்.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1817ஆம் ஆண்டு நவம்பர் 26, 27ஆம் நாள்களில், நாகபுரியை அடுத்த சீதாபல்டிக் குன்றுகளில் போன்ஸ்லே மன்னரின் பெரும்படையை எதிர்த்துக் கம்பெனியின் சிறுபடை நின்றது. அச்சிறுபடையில் சென்னைப் படையின் 20ஆம் பிரிவினரும் 24ஆம் பிரிவினரும் இருந்தனர். இழப்பு பெரிது, எனினும் குன்றுகள் கைவிடப்படவில்லை. போர் முடிந்தபின் 24ஆம் பிரிவினர் வேண்டிய பரிசு என்ன தெரியுமா? பழைய எண்ணையும், சட்டையின் கழுத்திலும் கைவிளிம்பிலும் இருந்த தம் பழைய நிறத்தையும் திருப்பித் தருமாறு வேண்டினர். வேண்டுகோள் ஏற்கப்பட்டது. அவர்கள் மீண்டும் சென்னைக் காலாட்படையின் முதலாம் பிரிவினர் ஆயினர்.

இந்நிகழ்ச்சியை நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. அயலான் கொடுத்த ஓர் எண்ணுக்காக, அயலானுக்கு ஆதரவாக, நம் நாட்டு மன்னர் ஒருவரை எதிர்த்துப் போரிட்டார்களே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது முறையே. ஆயினும் அடிமைப் புத்தி என்று ஒரே சொல்லால் அவர்களை இகழ்ந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் வேண்டியது தம் முன்னோர் இருந்த இடத்தை. அவ்விடத்திற்கு வெள்ளையர் இட்டிருந்த பெயர் ஓர் எண். அதைத் தவிர வேறு பெயர் அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

அந்தப் பிரிவின் பிற்கால வரலாறும் எண்களின் வரலாறே. 1903இல் கிச்சனர் பிரபு இந்தியப் படை முழுவதையும் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, சென்னைப் பிரிவுகளின் எண்களோடு அறுபது கூட்டப்பட்டது. முதலாம் பிரிவு 61ஆம் பயனியர் பிரிவாயிற்று. 1914 நவம்பரில் அது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தங்காவில் செருமானியரை எதிர்த்து நின்றது. 1933இல் பயனியர் பிரிவுகள் கலைக்கப்பட்டபோது அதுவும் மறைந்தது.

கலையாமல் உருமாறியவையும் உண்டு, அவை விந்தையானவை. இந்தியத் தரைப்படையில் இன்றுள்ள பஞ்சாப் ரெஜிமெண்டின் சின்னத்தைப் பாருங்கள். துடுப்புகளும் பாயும் கொண்ட ஒரு பழங்காலக் கப்பல்! ஐந்து ஆறுகள் பாயும் பஞ்சாபில் கடல் ஏது? கப்பல் எவ்வாறு அங்கே சென்றது? விடை சென்னையில் இருக்கிறது. கடல் கடந்து பணிபுரிவதை நாட்டுப் படையினர் பலர் மறுத்த காலத்தில், சென்னைக் காலாட்படையின் 9ஆம் பிரிவினர் பலமுறை தாமே முன்வந்து கப்பலேறினர். அதற்குப் பரிசாகக் கிடைத்த சின்னம் அது. பிற்காலத்தில், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர், வடமேற்கு நாட்டாரே 'போர்க்குடியினர்' என்னும் கொள்கை ஆங்கில அதிகாரிகளிடையே பரவிற்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய இராபர்ட்ஸ் அக்கொள்கையை வலியுறுத்தியவர். அதன் விளைவாகச் சென்னைப் பிரிவுகள் பலவற்றிலிருந்து தென்னாட்டார் அகற்றப்பட்டுப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். 9ஆம் பிரிவு 69ஆம் பஞ்சாபியர் பிரிவாயிற்று. ஆட்கள் மாறினர், கப்பல் மாறவில்லை. அறிவியல் அடிப்படை ஏதுமற்ற அக்கொள்கையால் வேலையிழந்த குடும்பங்கள் எத்தனையோ!

இதைவிட நெடுந்தொலைவு சென்றதும் ஒன்று உண்டு. 1759இல் திருச்சிராப்பள்ளியில் திரட்டப்பட்ட ஒரு சிப்பாய்ப் பட்டாளம், இரண்டாம் சென்னைக் காலாட்படை, 62ஆம் பஞ்சாபியர் என்றெல்லாம் பெயர் மாறி, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பாகிஸ்தானுக்குச் சென்றது. அந்நாட்டுப் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் அதுவே. கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையில் 1748இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஒருங்கு திரட்டிய ஐரோப்பியர் படையோ, 1881இல் அயர்லாந்தின் தலைநகர்ப் பெயரைப் பெற்று இராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆயிற்று. அதன் சின்னத்தில் புலியும் யானையும் இருந்தன. டப்ளின் நகரத் தெருக்களில் புலி ஏது, யானை ஏது? சென்னைப் படையிலும் பம்பாய்ப் படையிலும் ஈட்டிய போர்ப்புகழின் அடையாளங்கள் அவை. அயர்லாந்தின் பெரும்பகுதி விடுதலை பெற்ற 1922ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்பட்டது. தன்னை ஆண்டவரை எதிர்த்து ஒரு நாடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, அந்நாட்டு இளைஞர் சிலர் இந்திய யானையைத் தம் தொப்பியில் சூடி ஆண்டவர்க்குப் பணிபுரிந்தனர்.

கிரீடத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1858இல் ஆட்சி கம்பெனியினின்றும் விக்டோரியா அரசியாரிடம் சென்றது. கம்பெனிச் சிங்கம் படிப்படியாக மறைந்தது. விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் வளைவு நடுவில் சற்றே பள்ளமாக இருக்கும். 1901க்குப் பிறகு வந்த மன்னர்களின் கிரீடத்தில் வளைவு மேல்நோக்கி உருண்டு நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தால், பொத்தானின் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். 1950 சனவரி 26ஆம் நாள் நம் நாடு குடியரசான பின்னர், கிரீடம் இருந்த இடத்தில் அசோகரின் சிங்கத்தூண் அமர்ந்தது.

பளபளப்பிற்கும் ஒரு காலம் முடிந்தது. 1840களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லையில் லம்ஸ்டன் என்பவர் அமைத்த கைடுகள் படையில் காக்கி உடை தோன்றிற்று. மண்ணோடு மண்ணாக மறைவதற்கு உடையின் நிறத்தை மாற்றிவிட்டு, மார்பில் கண்ணாடிபோல் மின்னும் பொத்தானை வைத்திருப்பது பொருந்துமா? மறைந்து நின்று சுடும் ரைபிள் படையினர் கறுப்புப் பொத்தானையே அணிந்தனர். நம் நாட்டு வெப்பத்தில் சட்டையை அடிக்கடி வெளுக்க வேண்டியிருந்தமையால், வளையத்தால் கோத்துக் கழற்றி மாட்டும் பொத்தான்களும் வந்தன. சலவைத் துறையில் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பவரிடம் எந்த அரச முத்திரையும் தப்பாது அன்றோ!

இப்போது அம்மாணவனின் பொத்தானுக்கு வருகிறேன். கண்ணாடிச் சில்லை வைத்துப் பார்த்தேன். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் அரச முத்திரை. ஆகவே பொதுப் பணிப் பொத்தான். கிரீடத்தின் வளைவு உருண்டிருந்தது. ஆகவே 1901க்குப் பிற்பட்டது. முதுகில் பர்மிங்காம் என்னும் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. படைப்பிரிவின் எண் இல்லை. சென்னைச் சுரங்கப் படையினரும் பிற தென்னாட்டாரும் அப்போரில் மெசொப்பொட்டேமியாவிற்குச் சென்றனர் என்பது உண்மை. ஆனால் அவர் அவர்களுள் எப்பிரிவினர் என்று அப்பொத்தான் கூறவில்லை. இவ்வளவே நான் அன்று அவனிடம் சொன்னது.

அன்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. மெசொப்பொட்டேமியப் போரில் இறந்து, கல்லறை அறியப்படாதவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஆங்கிலேய வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள்மட்டுமே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்களுக்கோ, இன்ன படைப்பிரிவு, இறந்தவர் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கை மட்டுமே. பிரான்சிலுள்ள நெவ் ஷபேல் நினைவுச்சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தவர்களே பஸ்ராவில் அவ்வாறு செய்யாது விட்டனர். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், ஆசியரையும் ஆப்பிரிக்கரையும் நினைவுகூர்வதில் நிகழ்ந்த இவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அவ்வறிக்கையை நான் படித்தபோது அந்த மஞ்சள் துணி முடிச்சு என் நினைவிற்கு வந்தது. அம்மாணவன் இப்போது நடுவயதினனாக இருப்பான். இப்பேச்சை அவன் கேட்கிறானோ, என்னவோ!

உங்களுள் யாருடைய வீட்டிலேனும் இத்தகைய பொத்தான் இருப்பின் சில சொற்கள். புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் மணலும் கூடவே கூடாது. பளபளப்பு வரும், ஆனால் எஞ்சியிருக்கும் பொன் முலாமும் முதுகிலுள்ள பொடி எழுத்துகளும் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ஒரு தாளில் அதன் இரு பக்கங்களையும் வரைந்து, குறுக்களவைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கோட்டைகளிலும் பாசறை இருந்த இடங்களிலும் பொத்தான் தேடி மண்ணைத் தோண்டுதல் தவறு. பொருள் கிடந்த இடத்தை இழந்துவிட்டால் அதன் செய்தியில் பாதி போய்விடும். தற்செயலாகக் கிடைத்தால் அருகிலுள்ள அருங்காட்சியகத்தார்க்குத் தெரிவியுங்கள். பொத்தானை அணிந்திருந்தவர் பெயர் வீட்டு முதியோருள் எவர்க்கேனும் தெரிந்திருந்தால், அதே தாளில், படத்தின் கீழே, அப்பெயரையும் ஊரையும் மையால் எழுதி வையுங்கள்.